அச்சாணி மனிதர்களின் அடக்கமும் அச்சமும்

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மின்கட்டணம் செலுத்தவேண்டிய கடைசி நாள் அவருக்குத்தான் நினைவிருக்கும். வீட்டுப் பெரியவரின் மருந்து தீரப்போவதை முதலில் கவனிப்பவரும் அவரே. சகோதரர்கள் இருவர் மனம் கசந்து பேசாதிருந்தால், இருவரிடமும் தனித்தனியே பேசிச் சமாதானம் செய்து வைப்பவரும் அவரே. ஒவ்வோர் அலுவலகத்திலும் இத்தகைய ஒருவர் உண்டு. எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரிடம்தான் தொழில் கற்கிறார்கள். ஆயினும் பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும்போது அவர் பெயர் அதில் இருப்பதில்லை. பல வேளைகளில் அவர் விண்ணப்பித்திருக்கவே மாட்டார்.

கேட்டால், "எனக்கென்ன, உங்கள் விருப்பப்படியே செய்யுங்கள்" என்பார். நாமும் அதை அடக்கம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அது முழுவதும் அடக்கம்தானா? அதற்குள் அச்சமும் கலந்திருக்கிறதா? அந்த அச்சம் அவருடைய வாழ்வையும், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளையும் எவ்வாறு பாதிக்கிறது? அவருக்கு உதவ விரும்பும் நாம் என்ன செய்யலாம்? இவற்றை இங்கே சிந்திப்போம்.

நான்கு வகை இயல்புகள்

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், இயல்பான மனிதர்களின் உணர்வுவழிப் போக்குகளை நான்காகப் பகுத்துக் காட்டினார். பின்வந்தவர்கள் அதனை வளர்த்து, பணியாளர் பயிற்சிக்கு உதவும் ஒரு முறையாக்கினர். 'டிஸ்க்' என்ற பெயரில் இன்று பல நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் அது இடம்பெறுகிறது. முனைந்து முடிவெடுப்பவர், பேச்சாலும் பழக்கத்தாலும் பிறரைக் கவர்பவர், நிலையாக நின்று துணைபுரிபவர், விதிகளையும் விவரங்களையும் நுணுகிப் பார்ப்பவர் என்பன அந்த நான்கு வகைகள். நாம் பேசுவது மூன்றாம் வகையினரைப் பற்றி.

இவர்கள் பொறுமைசாலிகள், சொன்ன சொல் தவறாதவர்கள், பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள். சச்சரவை விரும்பாதவர்கள். திடீர் மாற்றம் இவர்களைத் தடுமாறச் செய்யும். ஆனால் நேரம் கொடுத்தால், ஏற்றுக்கொண்ட பணியை இறுதிவரை கைவிடாமல் செய்து முடிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இப்பகுப்பு நம்மை நாமே பார்த்துக்கொள்ள உதவும் கண்ணாடியே அன்றி, திறமையை நிறுக்கும் தராசு அன்று. எந்த மனிதரும் ஒரே வகைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. வீட்டில் அமைதியாக இருப்பவர் விளையாட்டுத் திடலில் அதிரடியாக இருக்கலாம். "நான் இந்த வகையைச் சேர்ந்தவன், ஆகவே தலைமை எனக்கு வராது" என்று ஒருவர் முடிவு கட்டிக்கொண்டால், உதவிக்கு வந்த பகுப்பே காலில் பூட்டிய விலங்காகிவிடும்.

குணம் எங்கே சிறையாகிறது?

தன்னைத் தானே கட்டுப்படுத்தும் எண்ணங்கள் பெரும்பாலும் பொய்யாகத் தொடங்குவதில்லை. ஓர் உண்மையின் நிழலாகவே அவை பிறக்கின்றன. "உறவுகள் எனக்கு முக்கியம்" என்பது உண்மை. "மறுத்தால் உறவு முறிந்துவிடும்" என்பது அதன் நிழல். உண்மையும் நிழலும் ஒட்டியே நடப்பதால் இரண்டையும் பிரித்தறிவது கடினமாகிறது. துணைபுரியும் இயல்பினரிடம் அடிக்கடி காணப்படும் நான்கு எண்ணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 'மறுத்தால் உறவு முறியும்' என்பது. இதன் விலை மிகப் பெரிது. நெருங்கிய உறவினர் ஒருவர் கடன் வாங்குகிறார். பிணைக் கையொப்பம் கேட்கிறார். "வெறும் கையெழுத்துத்தானே, பணமா கேட்டேன்?" என்கிறார். நம் அச்சாணி மனிதர் தயக்கத்தை விழுங்கிக்கொண்டு கையொப்பமிடுகிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தால் ஒழிய, பிணை கொடுத்தவரின் பொறுப்பு கடன் பெற்றவரின் பொறுப்புக்கு இணையானது என்கிறது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழிகளிலும் முயன்று தோற்ற பிறகுதான் பிணையாளரிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாகக் கடன் கொடுத்தவருக்கு இல்லை. தவணை தவறினால் அது பிணையாளரின் கடன் வரலாற்றிலும் பதிவாகலாம். நாளை அவர் தம் மகளின் படிப்புக்காகக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கலாம். ஆகவே அது வெறும் கையெழுத்து அன்று; கடனில் ஏற்கும் முழுப் பங்கு. உறவு கெடக்கூடாது என்று போட்ட கையொப்பமே, கடன் வாராக்கடனாகும்போது உறவை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது.

இரண்டாவது, 'மாற்றம் என்றாலே இழப்பு' என்பது. சமமான அளவுள்ள ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வேதனையே மனிதருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் விளக்கினர். இருக்கும் நிலையையே பற்றிக்கொள்ளும் மனச்சாய்வு முடிவுகளில் எவ்வளவு வலுவாகச் செயற்படுகிறது என்பதை வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் செக்ஹௌசர் ஆகிய பொருளியலாளர்கள் 1988-இல் ஆராய்ந்து காட்டினர். ஆகவே இது துணைபுரியும் இயல்பினருக்கு மட்டுமே உரிய குறை அன்று; எல்லா மனிதருக்கும் உள்ளது. நிலைத்தன்மையை நேசிப்பவரிடம் அது மேலும் எளிதாக வேரூன்றிவிடுகிறது. தேவைக்கு மேற்பட்ட பணமும் ஆண்டுக்கணக்கில் சேமிப்புக் கணக்கிலேயே கிடப்பதும், திருமணத்திற்கு முன் எழுதிய நியமனதாரர் பெயர் மாற்றப்படாமலே இருப்பதும் இதன் விளைவுகள். எதையும் மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலைக்கு யாரும் ரசீது தருவதில்லை என்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, 'எனக்காகக் கேட்பது தன்னலம்' என்பது. பிறருக்காக எத்தனை படி ஏறவும் தயங்காதவர், தமக்கு உரிய ஊதிய உயர்வைக் கேட்கக் கூசுகிறார். வங்கியில் கூட, பின்னால் வரிசை நிற்கிறதே என்று எண்ணி, புரியாத படிவத்தில் ஐயம் கேட்காமலே கையொப்பமிடுகிறார். கேள்வி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. நிபந்தனைகளைத் தெளிவாக விளக்குவது வங்கியின் கடமை. இதில் தன்னலம் எங்கிருந்து வந்தது?

நான்காவது, 'பின்னால் நிற்பதே என் இடம்' என்பது. கணவரின் கடைக்கு இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பாருங்கள். எந்தச் சரக்கு எப்போது விற்கும், எந்த வாடிக்கையாளர் பாக்கி வைப்பார், மொத்த வியாபாரிக்கு எந்த நாளில் பணம் போகவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாரேனும் கேட்டால், "கடையை அவர்தான் பார்க்கிறார், நான் சும்மா உதவிக்குத்தான்" என்பார். வங்கிக் கணக்கில் அவர் பெயர் இருக்காது. கணவர் நோயில் விழும் நாளில், கடையை நடத்தும் அறிவு முழுவதும் இருந்தும் ஒரு காசோலையில் கையொப்பமிட அவரால் இயலாது. அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த குறைவான மதிப்பீடு, மிக மோசமான வேளையில் குடும்பத்தையே பாதிக்கிறது.

மான் தேசத்துப் பெண்கள் காட்டிய வழி

மகாராட்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் மழை குறைந்த மான் வட்டம் உள்ளது. அங்குள்ள மஸ்வட் என்னும் சிற்றூரில், தெருவோரத்தில் இரும்படித்துப் பிழைத்த ஒரு பெண் தம் சிறு வருவாயைச் சேமிக்க விரும்பினார். தொகை மிகச் சிறியது என்பதால் அவருக்குக் கணக்கு தொடங்க இடம் கிடைக்கவில்லை. அவ்வூரில் சமூகப் பணியாற்றி வந்த சேத்னா சின்ஹா, அப்படியானால் பெண்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கலாம் என்று முயன்றார். ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பம் சென்றது, நிராகரிக்கப்பட்டது. வங்கியைத் தொடங்க முன்வந்த உறுப்பினர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதே காரணம்.

மனமுடைந்து திரும்பிய அவரைத் தேற்றியவர்கள் அந்தப் பெண்களே. எழுத்துக் கற்றுக்கொண்டு மறுபடியும் விண்ணப்பிப்போம் என்றார்கள். பகலில் உழைத்துவிட்டு வந்து எழுத்துக் கற்றார்கள். சில மாதங்களுக்குப் பின் அதிகாரிகளின் முன் சென்று, தாங்கள் வளர்ந்த காலத்தில் பள்ளி இல்லாதது தங்கள் குற்றமன்று என்றும், படிக்கத் தெரியாவிட்டாலும் தங்களுக்குக் கணக்குத் தெரியும் என்றும் எடுத்துரைத்தார்கள். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டி கேளுங்கள், உங்கள் அதிகாரிகளையும் கணிப்பான் இல்லாமல் போடச் சொல்லுங்கள், யார் முந்துகிறார்கள் என்று பார்ப்போம் என்று அறைகூவல் விடுத்தார்கள். 1997-ஆம் ஆண்டில் மான் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அப்பெண்கள் தங்களிடம் இல்லாததை மறைக்கவில்லை. ஆனால் இல்லாததை மட்டுமே கொண்டு தங்களை மதிப்பிடவும் விடவில்லை. ஆண்டாண்டு காலமாகச் சந்தையில் மனக்கணக்குப் போட்டு வந்த திறமையை முதன்முறையாகத் திறமை என்று பெயரிட்டு அழைத்தார்கள். இரண்டாவது, அவர்களில் எவரும் தனியாகச் செல்லவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்துச் சென்றார்கள். துணைபுரியும் இயல்பினருக்குத் தனி ஆவர்த்தனம் அச்சம் தருவது. ஆனால் குழுவாக நிற்கும்போது அவர்களிடம் எழும் உறுதி வியப்பூட்டுவது.

மும்பையின் கிர்காம் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, மொட்டை மாடியில் அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத் நிறுவனமும் இதே பாடத்தைச் சொல்கிறது. முதல் நாளில் அவர்கள் செய்தது நான்கே பொட்டலங்கள். பெருங்கனவு எதையும் முழங்கவில்லை. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை நாள் தவறாமல் செய்தார்கள். நிதானமும் தொடர்ச்சியும்தான் அவர்களின் மூலதனம்.

நம்பிக்கை பிறக்கும் நான்கு வாயில்கள்

'என்னால் இயலும்' என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுரையில் விளக்கினார். அதற்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்றார். அந்த நான்கையும் நம் அச்சாணி மனிதருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவதும் மிக வலியதும், தாமே செய்து வென்ற அனுபவம். ஆகவே படிகள் சிறியனவாக இருக்கட்டும். குடும்பத்தின் முதலீடு முழுவதையும் ஒரே நாளில் பொறுப்பேற்கச் சொல்வதைவிட, ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தாமே தெரிந்தெடுத்துத் தொடங்கச் சொல்லலாம். அடுத்த மாதம் காப்பீட்டுப் புதுப்பிப்பை அவரே செய்யட்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சான்றாக நிற்கும்.

இரண்டாவது, தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது. 'தம்மைப் போன்றவர்' என்பதே இங்கு முக்கியம். மேடை அதிரப் பேசும் தொழிலதிபரின் கதை இவருக்கு ஊக்கம் தராது. "அவர் வேறு, நான் வேறு" என்ற எண்ணத்தையே உறுதிப்படுத்தும். இவரைப் போலவே மெதுவாகப் பேசி, ஆனால் தெளிவாக மறுக்கத் தெரிந்த ஒரு சக ஊழியரோ அண்டை வீட்டாரோ சிறந்த முன்மாதிரி.

மூன்றாவது, நம்பத்தக்கவரின் சொல். "உன்னால் முடியும், பயப்படாதே" என்ற பொதுப்படையான ஊக்கம் ஒரு நாளில் ஆவியாகிவிடும். "சென்ற ஆண்டு இரண்டு பேர் விடுப்பில் இருந்தபோது தணிக்கைக்கான கணக்குகளை நீங்கள்தான் ஒழுங்குபடுத்தினீர்கள், அதைச் செய்தவருக்கு இப்பிரிவை நடத்துவது இயலாததன்று" என்ற சொல் நிற்கும். ஏனெனில் அது புகழ்ச்சி அன்று, சான்று.

நான்காவது, உடலும் மனமும் தரும் குறிப்பு. பேசுவதற்கு முன் நெஞ்சு படபடப்பதைக் கண்டு, "எனக்குத் தகுதி இல்லை" என்று பொருள் கொள்பவர் பலர். அந்தப் படபடப்பு பழகாத பணியின் அடையாளமே தவிர, தகுதியின்மையின் அடையாளம் அன்று. முன்கூட்டியே குறிப்பெழுதிக்கொள்வதும் ஒருமுறை ஒத்திகை பார்ப்பதும் அதைத் தணிக்கும்.

உதவ விரும்புவோர் கவனத்திற்கு

துணைபுரிபவருக்குத் துணைபுரிவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தின் நடுவே திடீரென்று, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எல்லாரும் சொல்வதே சரி" என்ற விடைதான் வரும். பேசவேண்டிய பொருளை முதல் நாளே தெரிவித்துவிட்டு, மறுநாள் தனியே கேட்டால் அவருடைய உண்மைக் கருத்து வெளிப்படும். அது பெரும்பாலும் நாம் கவனிக்கத் தவறிய ஒன்றாகவே இருக்கும்.

மாற்றம் ஏதேனும் வரவிருந்தால், எது மாறும் என்பதோடு எது மாறாது என்பதையும் சொல்லுங்கள். பழக்கமான தரை ஓரடியேனும் காலடியில் இருந்தால் மறு அடியை அவர் துணிந்து எடுத்துவைப்பார்.

அவருடைய எண்ணத்தோடு வாதாட வேண்டாம். அவரையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, "மறுத்தால் உறவு முறியும்" என்று மேலே எழுதி, அதற்கு ஆதரவான நிகழ்ச்சிகளை ஒரு புறமும் எதிரான நிகழ்ச்சிகளை மறுபுறமும் எழுதுவது எளிய பயிற்சி. வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மறுத்த பிறகும் நீடித்த உறவுகள் எத்தனை என்பதைத் தம் கையெழுத்திலேயே காணும்போது, பிறர் ஆயிரம் முறை சொல்லியும் அசையாத எண்ணம் அசையத் தொடங்கும்.

மறுப்பதற்கான சொற்களையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். "வீட்டில் கலந்து பேசி நாளை மறுநாள் சொல்கிறேன்" என்பது பொய்யில்லாத, எவரையும் புண்படுத்தாத வாக்கியம். "பிணைக் கையொப்பமிடுவதில்லை என்பது எங்கள் குடும்ப முடிவு, ஆனால் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்ப உதவுகிறேன்" என்பது இன்னொன்று. இதில் மறுப்பும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது. உதவும் குணத்தைத் துறக்காமலே எல்லை வகுத்துக்கொள்ள முடியும் என்பதை இவர் உணரவேண்டும். அவசரப்படுத்துபவர் எவராயினும், அவருக்கு உடனடி விடை தரவேண்டிய கடமை நமக்கில்லை. இந்த ஒரு பழக்கம் தொலைபேசி வழி நடக்கும் மோசடிகளிலிருந்தும் காக்கும். மோசடிக்காரர்கள் குறிவைப்பது நம் அறியாமையை மட்டுமன்று. "இல்லை" என்று சொல்லக் கூசும் நம் பண்பையும்தான். அப்படி ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

சுவரும் நிழலும்

எல்லாத் தடைகளும் மனத்தில்தான் இருக்கின்றன என்று சொல்வது நேர்மையாகாது. ஈடு வைக்கச் சொத்தில்லாமை, வீட்டில் அனுமதியின்மை, நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு ஆகியவை உண்மைச் சுவர்கள். அவற்றை வெறும் தன்னம்பிக்கையால் தாண்டிவிட முடியாது. ஆனால் சுவர் எது, சுவர்போல் தோன்றும் நிழல் எது என்று விசாரித்தறியலாம். "சொத்து இல்லாதவருக்கு யார் கடன் தருவார்?" என்று தையல் தொழில் தெரிந்த ஒருவர் நினைத்திருக்கலாம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், வேளாண்மை சாராத குறுந்தொழில்களுக்கு ஈடின்றியே கடன் வழங்கப்படுகிறது. 50,000 ரூபாய் வரையிலான 'சிசு' பிரிவிலிருந்து 20 லட்சம் ரூபாய் வரை படிப்படியாகப் பிரிவுகள் உள்ளன. விண்ணப்பித்தோர் அனைவருக்கும் கடன் உறுதி என்பதன்று இதன் பொருள். தொழிலும் திருப்பிச் செலுத்தும் திறனும் ஆராயப்படும். ஆனால் கேட்காமலே தமக்குத் தாமே 'இல்லை' என்று சொல்லிக்கொள்வதைவிட, கேட்டு விடை பெறுவது மேலானது.

ஒன்றை மறவாதிருப்போம். அமைதியானவரை ஆர்ப்பரிப்பவராக மாற்றுவது நம் நோக்கமன்று. நிதானம், பொறுமை, நம்பகம் ஆகியவை ஒரு குடும்பமும் ஒரு வங்கியும் ஒரு நாடும் தாங்கி நிற்கும் பண்புகள். அவற்றை அவர் இழக்க வேண்டியதில்லை. அந்தப் பண்புகளின் பயன் பிறருக்குக் கிடைப்பதுபோல் அவருக்கும் கிடைக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இவ்வார இறுதியில் உங்கள் வீட்டு அச்சாணி மனிதரோடு அரைமணி நேரம் அமருங்கள். சேமிப்புப் புத்தகங்கள், வைப்புச் சான்றுகள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை அவர் முன் வையுங்கள். எந்தக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது, நியமனதாரர் யார் என்று சேர்ந்து பாருங்கள். பின்னர், "இதில் எதை நீங்கள் பொறுப்பேற்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் உடனே விடை சொல்லாவிட்டால் காத்திருங்கள். ஆண்டுக்கணக்கில் நம் எல்லாருக்காகவும் காத்திருந்தவர் அவர். அந்த அரைமணி நேரம் வங்கிப் பணி தொடர்பான எந்த ஐயத்தை எழுப்பினாலும், அவரையே உங்கள் கிளைக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள்.

நீங்களே அந்த அச்சாணி மனிதராக இருந்தால், வேறெவரும் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். மேற்சொன்ன நான்கு எண்ணங்களில் உங்களிடம் உள்ளது எது என்று பாருங்கள். அதற்கு எதிரான ஒரு சிறு செயலை இம்மாதத்தில் செய்யுங்கள். ஒன்று போதும். எடுத்த செயலை விடாமல் தொடர்வது எப்படி என்பதை உங்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.